யாரும் எழுந்து போகாத முக்கால் மணி நேரம்

அன்றைக்கு சிங்கப்பூரில் பூன் லே வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது "நானும் இருந்தேன்" என்றோ "நான் இல்லவே இல்லை" என்றோ சண்டைக்கு வந்துவிடக் கூடாது பாருங்கள். மைக்செட் அண்ணன். நான். என் மனைவி செல்வி. என் மகள் கவிதா. ஏழாவது மாடி பாக்கியம் அக்கா. நாலாவது மாடி டான் அங்கிள், அவரோடு தினமும் சீனச் சதுரங்கம் ஆடும் மூன்று பெரியவர்கள். யாருக்கோ சாப்பாடு கொண்டுவந்த ஒரு மலாய் டெலிவரிக்காரர். ஒரு பூனை. இறந்தவர் என்று யாரும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அன்றைக்கு அங்கே அது தெரிந்தவர்கள் நாலே பேர்தான்.

சிங்கப்பூரிலேயே அதிகமாகச் சத்தம் போட்டுச் சம்பாதித்தவரும், சத்தத்தை அதிகமாக வெறுத்தவரும் ஒரே ஆள். அவர்தான் மைக்செட் அண்ணன். லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் ஒரு பின்சந்தில் அவருடைய கிடங்கு. கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா, பிறந்தநாள் என்று எதற்கும் ஆள் உயர ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடுவார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய வங்கிக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. நான் அவருடைய வேனை ஓட்டுகிறேன். செகண்டரி இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பு ஏறவில்லை, பரீட்சையை நினைத்தால் வயிறு கலங்கும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் வயிறு மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. தினமும் ஏதாவது ஒன்றை நினைத்துக் கலங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அண்ணனுக்கு ஒரு இசைத்தட்டு உண்டு. பழைய சாமான் சந்தையில் ஒரு தட்டு சுழற்றும் மெஷினை வாங்கினார். அதன் மேலேயே ஒரு தட்டு உட்கார்ந்திருந்தது. மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கப் போட்டிருக்கிறார். "ம்ம்ம்ம்" என்று ஒரு சத்தம். ஊசி போச்சு என்று ஊசியை மாற்றினார். "ம்ம்ம்ம்." பெல்ட்டை மாற்றினார். "ம்ம்ம்ம்." ஒயரை எல்லாம் பிடுங்கிப் புதிதாக இழுத்தார். மெஷினில் பழையது என்று சொல்ல மூடி மட்டும்தான் மிச்சம். அப்போதும் அதே "ம்ம்ம்ம்". நடுவில் எங்கோ தூரத்தில் தண்ணீர் சொட்டுவது போல ஒன்று. அதற்குள் வாரக்கணக்கில் ராத்திரி பகலாக அதையே கேட்டிருந்தார் மனிதர். கடைசியில்தான் அவருக்கு விளங்கியிருக்கிறது. மெஷினில் கோளாறே இல்லை. பாட்டே அதுதான். அது விளங்கியபோது காலம் கடந்துவிட்டது, அது இல்லாமல் அவரால் தூங்க முடியவில்லை.

யாரோ ஒரு வெள்ளைக்காரர் நான் பிறப்பதற்கு முன்னால் மின்சாரக் கருவிகளை வைத்துச் செய்த இசையாம். வார்த்தை கிடையாது, தாளம் கிடையாது. தொடங்கும்போது தொடங்கியதா என்று தெரியாது, முடியும்போது முடிந்ததா என்று தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் விரைவுச்சாலையில் மூன்று தடவை வேனை ஓரம் கட்டினேன். மூன்றாவது தடவை பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றபோது அண்ணன் இறங்கி வந்தார்.

"என்னடா தேடுற?"

"எஞ்சின்ல எங்கயோ ஒரு மாதிரி ம்ம்ம்-னு சத்தம்ணே. வெடிச்சிரும் போலருக்கு."

"அது பாட்டுடா. டேப்புல பதிஞ்சு போட்டிருக்கேன். வந்து ஏறு."

ஏறினேன். நிம்மதி வரவில்லை. இந்தச் சத்தத்துக்கு நடுவே எஞ்சின் நிஜமாகவே கெட்டுப்போனால் எப்படித் தெரியும் என்ற கவலை அன்றைக்குப் பிடித்தது.

அவரோடு உட்கார்ந்து அதைக் கேட்பது ஒரு தனி வேதனை. திடீரென்று என் முழங்கையைப் பிடிப்பார்.

"இப்ப வரும் பாரு. வருது... வருது..."

நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

"வந்துச்சா?"

"என்னண்ணே வந்துச்சு?"

"போச்சு. நீ பேசினதுல போயிருச்சு. மறுபடி முதல்லேருந்து கேக்கணும்."

இதை அவர் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஊருக்கே ஊட்டப் பார்த்தார். ஒரு கல்யாண விருந்தில் மணப்பெண் உள்ளே வரும்போது ஆட்டம்போட ஒரு பாட்டைக் கேட்டிருந்தார்கள். அண்ணன் இதைப் போட்டுவிட்டார். அந்தப் பெண் பாவம், பாட்டுக்கு ஏற்ற மாதிரி நடந்து பழகி வந்திருந்தது. இந்த இசைக்கும் ஏற்ற மாதிரியே நடந்தது. வாசலிலிருந்து மேடைக்கு வந்து சேர்வதற்குள் சூப் ஆறிவிட்டது. மாப்பிள்ளை நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார். மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் வந்து, "தம்பி, ஏர்கான் என்னமோ பண்ணுது, கொஞ்சம் பாக்கச் சொல்லு லா" என்றார்.

இன்னொரு முறை வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் முதலாளியிடம், "சாப்பிடுறவங்களுக்கு மனசு அமைதியா இருக்கும்" என்று சொல்லி ஒலிபெருக்கி மாட்டிக்கொடுத்தார். அமைதியாகத்தான் இருந்தது. மத்தியானக் கூட்டத்தில் சோற்றைப் பிசைந்தவர்கள் பிசைந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் அப்பளத்தை உடைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மேசையும் காலியாகவில்லை. வரிசை நடைபாதையைத் தாண்டி பக்கத்து நகைக்கடை வாசலை அடைத்தது. முதலாளி கரண்டியோடு வெளியே வந்தார்.

"யோவ் மைக்செட்டு, என் கடையில எல்லாரும் தியானம் பண்ணிட்டு இருக்கான்யா! ரசத்துக்கு ஒருத்தனும் வரல! கழட்டுய்யா!"

அண்ணன் கழற்றினார். வேனில் ஏறிய பிறகு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "பாதியில நிறுத்திட்டானே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருடைய குறை எது என்று. இத்தனை வருடத்தில் அந்தத் தட்டை முதலிலிருந்து கடைசிவரை அவரோடு உட்கார்ந்து கேட்டவர் ஒருவரும் இல்லை. நான்கூட இல்லை. ஏதாவது சிக்னல் வரும், போன் வரும், இல்லையென்றால் எனக்குக் கவலை வரும்.

இதை இன்னும் மோசமாக்கியவள் என் மகள் கவிதா. பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அந்தத் தட்டின் அட்டையைப் படம் எடுத்து இணையத்தில் தேடிப் பார்த்து, "பெரியப்பா, உலகம் பூரா உங்க ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்கிறவர்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு பெண் பிரசவ வலியின்போது கேட்டாளாம். ஒருவர் தன் நாய் செத்த பிறகு தினமும் கேட்கிறாராம். பின்லாந்தில் ஏரிக்கரையில் கூட்டமாக உட்கார்ந்து கேட்கிறார்களாம். கவிதா ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ஆளுங்க... நம்ம ஆளுங்க..." என்றார். அவளை விட்டுப் பதிலும் எழுதவைத்தார்.

வந்தது வினை. பின்லாந்துக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார்: சிங்கப்பூரில் நீங்கள் எத்தனை பேர் சேர்ந்து கேட்கிறீர்கள்? ஒரு படம் அனுப்ப முடியுமா?

அண்ணன் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். "நாம ரெண்டு பேர், ஒரு வேனு. இதைப் படமெடுத்தா அனுப்ப முடியும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று. ஒரு கூட்டம். முக்கால் மணி நேரம். யாரும் பேசக் கூடாது, யாரும் எழுந்து போகக் கூடாது, முதலிலிருந்து கடைசிவரை. முடிந்ததும் ஒரு படம். இடம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளம். தூண்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் இடம்தான், எங்கள் பக்கத்தில் எல்லாக் கல்யாணமும் எல்லாச் சாவும் அங்கேதான் நடக்கும். அனுமதி என் பெயரில். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ஞாயிறு மத்தியானம் நான் இறங்கி வந்து பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார் அண்ணன். மேசைகளின் மேல் வெள்ளைத் தாள் விரித்திருந்தது. கலர் இருந்தால் கவனம் சிதறுமாம். வருகிறவர்கள் கொறிக்கத் தட்டுகளில் கச்சாங், ஆமாம், வேர்க்கடலைதான். பக்கத்தில் பொட்டலத்தில் அடைத்த பழச்சாறு. நடுமேசையில் அந்த இசைத்தட்டின் அட்டை, கண்ணாடிச் சட்டம் போட்டு. அந்த அட்டையில் இருப்பது ஒரு மங்கலான கறுப்பு வெள்ளைப் படம். யாரோ ஒரு பெரியவர் தண்ணீர் ஓரத்தில் நிற்கிறார். அதற்கு முன்னால் ஒரு விளக்கு. அதற்கு மேல் தேக்காவில் வாங்கிய புத்தம் புது மாலை.

நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணே, போட்டோவுக்கு மாலை போட்டா செத்துப் போனவங்கன்னு அர்த்தம்ணே."

"முருகன் படத்துக்குத்தான் மாலை போடுறோம். முருகன் செத்துப் போயிட்டாரா?"

செகண்டரி இரண்டுக்குப் பிறகு இதற்கான பதிலைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

ஐந்து மணிக்குக் கூட்டம். தேக்காவில் அவர் அழைக்காத ஆள் இல்லை. வந்த ஆளும் இல்லை. ஒரு கல்யாணத்தையும் ஒரு சாப்பாட்டுக் கடையையும் கவிழ்த்தவர் கூப்பிட்டால் யார் வருவார்கள்? ஐந்தேகால் ஆயிற்று. காலி நாற்காலிகளைப் பார்த்தபடி அண்ணன் நின்றார். பூனை ஒன்று வந்து முன்வரிசையில் ஏறிக்கொண்டது. "சரி, ஒரு ஆள் வந்தாச்சு" என்றார். ஊசியை இறக்கிவைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தார். நானும் செல்வியும் கவிதாவும் பின்னால் உட்கார்ந்தோம். "ம்ம்ம்ம்" தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துக் காய்கறிப் பையோடு லிஃப்ட்டுக்கு வந்தார் பாக்கியம் அக்கா. எங்கள் வட்டாரத்தில் அவர் போகாத சாவு கிடையாது. எங்கள் ஊரில் சாவு வீட்டு மேசையில் வெள்ளைத் தாளும் கச்சாங்கும்தான் இருக்கும். வெள்ளைத் தாளைப் பார்த்தார். கச்சாங்கைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அண்ணனைப் பார்த்தார். கடைசியாக என் முகத்தைப் பார்த்தார். என் முகம் சாதாரண நாளிலேயே வீட்டில் சாவு விழுந்த மாதிரிதான் இருக்கும். பை கீழே விழுந்து வெங்காயம் உருண்டது.

"ஐயோ, யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரே!"

யார் போனது என்று அவருக்குத் தெரியாது. அது அவருக்குத் தேவையாகவும் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்ம ஆரம்பித்தார். நான் எழப் போனேன். அண்ணன் திரும்பி ஒரு விரலை மட்டும் காட்டினார். பேசக் கூடாது. எழக் கூடாது. உட்கார்ந்துவிட்டேன்.

விம்மல் கேட்டு டான் அங்கிள் சதுரங்கப் பலகையிலிருந்து தலையைத் தூக்கினார். நாலு பேரும் எழுந்து மேலே போனார்கள். அப்பாடா என்று நினைத்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு வெள்ளை உறையோடு இறங்கி வந்தார்கள். சீனர்கள் சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள். காலியான பிஸ்கட் டின் ஒன்று மேசையில் இருந்தது. உறைகளை அதில் போட்டு, சட்டத்தின் முன்னால் நின்று மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். டான் அங்கிள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் தொடையை ஆறுதலாக இரண்டு தட்டுத் தட்டினார்.

சாப்பாட்டுப் பையோடு வந்த மலாய் டெலிவரிக்காரர் எந்த மாடி என்று கேட்கத்தான் நின்றார். எல்லாரும் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாருடைய சாப்பாடோ, முக்கால் மணி நேரம் ஆறிக்கொண்டிருந்தது.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அனுமதி என் பெயரில். செத்தவர் யாரும் இல்லை. டின் நிறைய சாவுப் பணம். விஷயம் தெரிந்தால் என்னைப் போலீசில் கொடுப்பார்களா, இல்லை இங்கேயே அடிப்பார்களா? எழுந்து சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் முன்னால் அண்ணன் திரும்பிப் பார்க்கிறார். இத்தனை தலைகள். இத்தனை மௌனம். அவர் முகத்தில் இருந்ததை நான் அதுவரை பார்த்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மாப்பிள்ளை ஆன அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி இருந்திருக்காது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பாதியில் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். இதை நான் மறந்தே போனேன். சத்தம் நின்றது. பாக்கியம் அக்கா விம்மலை நிறுத்தினார். டான் அங்கிள் கடிகாரத்தைப் பார்த்தார். டெலிவரிக்காரர் தலைக்கவசத்தைக் கையில் எடுத்தார். போச்சு, எல்லாம் கலையப் போகிறது. அண்ணன் எழுந்தார். அவருக்குத் தட்டில் விரல் ரேகை படக் கூடாது. இரண்டு உள்ளங்கையாலும் ஓரத்தை மட்டும் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கித் தூசி பார்த்து, மெல்ல வாயால் ஊதி, அவ்வளவு நிதானமாகத் திருப்பினார். பார்த்தவர்களுக்கு அது ஏதோ முக்கியமான சடங்கு. டான் அங்கிள் எழுந்து நின்றார். உடனே எல்லாரும் எழுந்து நின்று குனிந்து வணங்கினார்கள். நானும் எழுந்து மேசைவரை போய் வந்தேன். ஊசி இறங்கியது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். எழுந்து நின்றது கணக்கில் சேருமா என்று அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தது தெரிந்தது. மரியாதைக்கு எழுந்ததை மன்னித்துவிட்டார்.

முடிந்தது. முடிந்ததா என்று யாருக்கும் தெரியாததால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். கவிதா படம் எடுத்தாள். அண்ணன் ஊசியைத் தூக்கினார்.

பாக்கியம் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உடம்பு எப்ப வருது தம்பி?"

"உடம்பு இல்லக்கா."

"ஆஸ்பத்திரியிலயா இருக்கு?"

"யாரும் சாகலக்கா."

"அப்ப போட்டோவுல இருக்கறவரு?"

"அது பாட்டோட அட்டைக்கா."

பாக்கியம் அக்காவின் முகம் சிவந்தது. "அப்ப நான் அழுதது?"

அண்ணன் முன்னால் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நல்லா அழுதீங்க அக்கா. அந்தத் தண்ணி சொட்டுற இடத்துல குரலை ஒரு தூக்குத் தூக்கினீங்க பாருங்க, அதான் கரெக்டான இடம். உலகம் பூரா அங்கதான் அழுவாங்க."

இப்படி ஒரு பாராட்டை எந்தச் சாவு வீட்டிலும் அக்கா வாங்கியதில்லை. கோபப்படுவதா என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு, "எனக்கு அங்கதான் நெஞ்சை என்னமோ பண்ணுச்சு" என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்தது டான் அங்கிள். துவாஸ் கப்பல் பட்டறையில் நம் ஆட்களோடு காலமெல்லாம் வேலை செய்து தமிழ் கற்றுக்கொண்டவர். பட்டறையில் கற்றதால் அவருக்கு எல்லாருமே "டேய்"தான்.

"டேய் மைக்செட்டு, யாரும் செத்துப் போகல?"

"இல்ல அங்கிள்."

"ரொம்ப நல்லது லா."

அண்ணன் டின்னை நீட்டினார். டான் அங்கிள் பாம்பைக் கண்டது போலப் பின்வாங்கினார். "டேய், குடுத்த சாவுப் பணம் திரும்ப வாங்கினா வீட்டுக்கு ஆகாதுடா!"

அண்ணனால் வைத்துக்கொள்ள முடியாது, அவர்களால் வாங்கிக்கொள்ள முடியாது. ஏழாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே பெரிய மாநாடே நடந்தது. கடைசியில் டான் அங்கிளே வழி சொன்னார். சாவுப் பணம் என்றால் வெள்ளை உறை, ஒற்றைப்படை. ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கூடச் சேர்த்து இரட்டைப்படையாக்கி, சிவப்பு உறையில் போட்டுக் கொடுத்தால் அது நல்ல காரியப் பணம். யாரும் வாங்கலாம். அண்ணன் மறுநாளே சிவப்பு உறை வாங்கி, வெள்ளை உறைகளில் பெயரைப் பார்த்துப் பார்த்து, வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்.

படம் பின்லாந்துக்குப் போனது. "இத்தனை காலமாகக் கேட்கிறோம், எங்களில் ஒருவரும் இப்படி மனம்விட்டு அழுததில்லை. சிங்கப்பூர்க்காரர்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது" என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்தில் அவர்களும் அட்டைக்குச் சட்டம் போட்டார்களாம், பூமாலை கிடைக்காமல் இலை வளையம் ஒன்றை மாட்டி, கடலையும் வைத்தார்களாம். பக்கத்து வீட்டு அம்மாள் கேக் சுட்டுக் கொண்டுவந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாராம்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். டின்னில் ஒரு வெள்ளை உறையில் பெயர் இல்லை. முப்பத்தொரு வெள்ளி. புளோக் முழுக்கக் கேட்டார் அண்ணன், யாரும் என்னுடையது என்று சொல்லவில்லை. ஊரான் பணத்தை வைத்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது. எனவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கீழ்த்தளத்துக்கு வந்து, அந்தத் தட்டைப் போட்டு, பக்கத்தில் சிவப்பு உறையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். சத்தம் கேட்டால் உறைக்காரர் வருவாராம். டான் அங்கிள் வருகிறார். பாக்கியம் அக்கா கச்சாங் வறுத்துக் கொண்டுவருகிறார், சரியான இடத்தில் அழுகிறார். டெலிவரிக்காரர் வேலை முடித்து மனைவியோடு வருகிறார். யாரும் எழுந்து போவதில்லை.

"அந்த ஆள் மட்டும் வந்து வாங்கிக்கிட்டா போதும்டா தம்பி. அதோட உன் புளோக்குக்கு வந்து தொந்தரவு குடுக்கறத நிறுத்திடுவேன்" என்கிறார் அண்ணன் ஒவ்வொரு முறையும்.

அன்றைக்கு என் தொடையைத் தட்டிய டான் அங்கிள், தட்டிய கையோடு ஒரு வெள்ளை உறையையும் என் மடியில் வைத்தார். நான் வெறுங்கையோடு வந்திருந்ததைப் பார்த்து, கூடுதலாகக் கொண்டுவந்திருந்ததில் ஒன்று. வைத்துவிட்டு என்னையே பார்த்தார். யாரும் சாகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் போட்டிருக்கிறார்கள், நான் மட்டும் போடாவிட்டால் என்ன நினைப்பார்கள்? பர்சில் இருந்த முப்பத்தொரு வெள்ளியை உறையில் வைத்து, அண்ணன் தட்டைத் திருப்பும்போது டின்னில் போட்டேன். பெயர் எழுதப் பேனா இல்லை. டான் அங்கிளுக்கு இது தெரியும். கச்சாங்கை உரித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாரே தவிர, இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் இதைப் படிக்கமாட்டார். எழுத்து இருக்கிற எதுவும் அவருக்கு இரைச்சல். யாராவது படித்துக் காட்டிவிடுவார்களோ என்று இன்றிலிருந்து ஒரு புதுக் கவலை. அந்த இசை எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அது ஓடுகிற முக்கால் மணி நேரம் மட்டும் எனக்கு எந்தக் கவலையும் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று முடிந்த பிறகு கவலைப்படுகிறேன்.

ஆகவே அந்தப் பணத்தை நான் கேட்கப் போவதில்லை. அண்ணன் வரட்டும், தட்டு சுழலட்டும், அந்தச் சிவப்பு உறை மேசையிலேயே இருக்கட்டும். இரட்டைப்படையாக்க அண்ணன் போட்டதையும் சேர்த்து எனக்கு வரவேண்டிய பாக்கி முப்பத்திரண்டு வெள்ளி.